நடுவழியில் நின்ற காருக்கு ஹசார்டு லைட் மட்டும் போதுமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சென்னையிலிருந்து தேவகோட்டைக்குக் குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தீர்கள். திருமயம் தாண்டிக் காரைக்குடி வரும் வழியில் ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பின்டயர் வெடித்தது. வண்டியை இடது ஓரம் ஒதுக்கி, ஹசார்டு லைட்டை (எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுமே, அது) போட்டுவிட்டு, அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் அவரைக் காருக்குள்ளேயே உட்காரவைத்து, நீங்கள் ஸ்டெப்னி மாற்றினீர்கள். அப்போது ஒரு லாரி வலப்பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. லைட் எரிந்துகொண்டிருந்தும் லாரிக்காரருக்கு ஏன் தெரியவில்லை, எவ்வளவு நேரம் எரியவிட்டால் பேட்டரி இறங்கும், மழையில் ஓட்டும்போது அதைப் போடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "அம்மாவை இறக்கியிருக்க வேண்டுமோ?" என்று ஒன்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஆமாம், இறக்கியிருக்க வேண்டும். அது ஏன் என்று சொன்னாலே மற்ற மூன்றுக்கும் பாதி பதில் வந்துவிடும்.

நான் காரைக்குடியில் 26 வருஷமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன். பகலில் கடையில் வயரிங், செல்ஃப் மோட்டார், டைனமோ வேலை. ராத்திரி போன் வந்தால் கானாடுகாத்தான் பக்கமோ குன்றக்குடி ரோட்டிலோ தேவகோட்டை ரஸ்தாவிலோ நிற்கிற வண்டியைத் தேடிப் போவேன். அதனால் ஹசார்டு போட்டு நிற்கும் வண்டியை எதிரிலிருந்தும் பின்னாலிருந்தும், எனக்கே தூக்கக் கலக்கமாக இருக்கும் நேரத்திலும், நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி வரும் ஆளுக்கு அந்த விளக்கு எப்படித் தெரிகிறது என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்ட அந்த பட்டனை அமுக்கினால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கவாட்டில் சின்ன விளக்கு இருந்தால் அதுவும் சேர்ந்து, எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும். இதற்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது, இக்னிஷன் சாவி வழியாக வருவதில்லை. அதனால்தான் சாவியை எடுத்துவிட்டாலும் எரிகிறது. நிமிஷத்துக்கு 60 முதல் 120 தடவை வரை மின்னுவதுதான் சரியான வேகம். அது வருகிறவரிடம் சொல்லும் சேதி "இங்கே ஏதோ ஒன்று இருக்கிறது" என்பது மட்டும்தான். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நிற்கிறதா மெதுவாகப் போகிறதா, ரோட்டுக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அதில் இல்லை. இருட்டில் இரண்டு மஞ்சள் புள்ளி தோன்றித் தோன்றி மறையும், மறைகிற நேரத்தில் அங்கே ஒன்றுமே இருக்காது. அதனால் ராத்திரியில் ஹசார்டோடு பார்க்கிங் லைட்டையும் போட்டே ஆகவேண்டும். மின்னாமல் நிலையாக எரியும் இரண்டு சிவப்பு விளக்குதான் வண்டியின் அகலத்தைக் காட்டும், தூரத்தை மட்டுக்கட்ட உதவும். எங்கள் பக்கம் ஹசார்டையே பார்க்கிங் லைட் என்று சொல்கிறவர்கள் இருப்பதால் இரண்டும் வேறு வேறு என்பதைச் சொல்லிவிடுகிறேன்: ஹெட்லைட் சுவிட்சை முதல் கட்டத்தில் திருகினால் எரிவதுதான் பார்க்கிங் லைட்.

ஒரு ராத்திரி தேவகோட்டை ரஸ்தா அருகே ஒரு காருக்குப் போயிருந்தேன். பேன் பெல்ட் அறுந்து நின்றிருந்தது. ஹசார்டு மின்னுகிறது, குடும்பம் இறங்கி இடப்பக்க மண்ணில் வண்டியை ஒட்டியே நிற்கிறார்கள். நான் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தபோது பின்னால் டயர் தேயும் சத்தம், ஒரே புழுதி. நிமிர்ந்து பார்த்தால் ஒரு லோடு வேன், நாங்கள் நின்ற மண்ணுக்குள்ளேயே பாதி இறங்கி, அந்தக் குடும்பத்து அம்மாவின் புடவையிலிருந்து பத்தடியில் நிற்கிறது. டிரைவர் குடிக்கவில்லை, தூங்கவும் இல்லை. நடுங்கிப்போய் அவர் சொன்னது இதுதான்: "அண்ணே, வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பப் போறாருன்னு நெனச்சு இடது பக்கமா ஏறுனேன்." நான் பின்னால் போய்ப் பார்த்தேன். காரின் இடது பின்பல்பு போயிருந்தது. வலது மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அது நின்றுபோன வண்டியே இல்லை, வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் வண்டி. சில பத்து ரூபாய் பல்பு ஒன்று இல்லாததால் அதே விளக்கு அந்த வேனை நேராகக் குடும்பத்தின் மேல் அனுப்பிவைக்கப் பார்த்தது.

உங்கள் வண்டியிலும் அன்றைக்கு இதே மாதிரி ஏதாவது நடந்திருக்கலாம் என்பது என் சந்தேகம், நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். இண்டிகேட்டராகப் போடும்போது ஒரு பல்பு போயிருந்தால் டிக் டிக் சத்தம் வேகமாகும், அதில் கண்டுபிடித்துவிடலாம். ஹசார்டாகப் போடும்போது பல வண்டிகளில் அந்த வேக மாற்றம் தெரியாது. ஆகவே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்ப்பது தவிர வேறு வழி இல்லை. அப்புறம், நீங்கள் ஸ்டெப்னி எடுக்க டிக்கியைத் திறந்தீர்கள் அல்லவா? சில மாடல்களில் பின்விளக்கின் ஒரு பாகமோ முழுவதுமோ டிக்கிக் கதவிலேயே இருக்கும். கதவைத் தூக்கினால் அந்த விளக்கு வானத்தைப் பார்க்கும். இல்லாவிட்டாலும், டிக்கிக்கு நேராகக் குனிந்து நின்று ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுக்கும் ஆளே ஒரு பக்க விளக்கை மறைத்துவிடுவார். வேண்டியதை ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு டிக்கியை மூடிவிடுங்கள். மழைக்காலத்தில் செம்மண் சேறு தெறித்து லென்ஸ் மேல் பூசிக்கொள்வதும் உண்டு. கைக்குட்டையால் துடைக்கப் பத்து விநாடிதான் ஆகும்.

சரி, நான்கும் ஒழுங்காக எரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுகிறவர் பார்த்து, புரிந்து, காலை பிரேக்கில் வைக்கவே ஒன்றரை விநாடி போய்விடும். நல்ல காய்ந்த ரோட்டில் ஒரு கார் அந்த வேகத்திலிருந்து நிற்பதற்குப் பிரிட்டன் சாலை விதிப் புத்தகம் போடும் கணக்கே 53 மீட்டர். லோடு ஏற்றிய லாரிக்கு இன்னும் கூடுதல், நனைந்த ரோட்டில் அதற்கும் மேல். டிம் லைட்டில் வருகிறவருக்கு முன்னால் தெளிவாகத் தெரிவதும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். ஆகவே எச்சரிக்கை வண்டியில் இருந்தால் போதாது, வருகிறவர் வண்டியை நெருங்குவதற்கு வெகு முன்னாலேயே தொடங்க வேண்டும். அதற்குத்தான் கார் வாங்கும்போது கூடவே கொடுத்த, வெளிச்சம் பட்டால் பளபளக்கும் எச்சரிக்கை முக்கோணம். பெரும்பாலான கார்களில் அது டிக்கி விரிப்புக்குக் கீழே பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கும், நான் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வைக்கச் சொல்கிறார்கள், அவர்களுடைய மோட்டார்வேயில் மட்டும் வைக்கவே கூடாது, வைக்கப் போகிறவரே அடிபடுவார் என்பதால். நம் ஹைவேயில் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன், சாதாரண நடையில் சுமார் 130 காலடி எடுத்து வைத்தால் வரும். எண்ணப் பொறுமை இல்லையென்றால் கரண்ட் கம்பத்தைக் கணக்கு வையுங்கள், இரண்டு கம்பத்துக்கு மேல் போக வேண்டும். வளைவுக்கு அப்பால் வண்டி நின்றிருந்தால் தூரக் கணக்கையே விட்டுவிடுங்கள், வளைவு தொடங்கும் முன்பே முக்கோணம் இருக்க வேண்டும். வைக்கப் போகும்போது தார் ரோட்டில் நடக்காதீர்கள். மண்ணில், வருகிற வண்டியைப் பார்த்தபடி, விரித்த முக்கோணத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போங்கள்.

முக்கோணம் இல்லாதவர்கள் நம் ஊர்ப் பழக்கப்படி வேப்பங்கொப்பையோ கருவேலங்கிளையையோ ஒடித்துப் போடுவார்கள். பகலில் அது எல்லா டிரைவருக்கும் புரியும், ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ராத்திரியில் இலைக்குப் பளபளப்பு கிடையாது, கிட்டே வந்த பிறகுதான் தெரியும். கல் வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பஞ்சரான லாரியைச் சுற்றி நாலைந்து பெரிய கல்லை வைத்து, வேலை முடிந்ததும் கல்லை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த மணி நேரத்தில் பைக்கில் வருகிற பையன் அதில் ஏறி விழுகிறான். வண்டி போய்விட்டது, விளக்கும் போய்விட்டது, ஆபத்து மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வைத்த கல்லானாலும் கிளையானாலும், கிளம்பும் முன் நீங்களே எடுத்து ஓரம் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

இப்போது அம்மா விஷயம். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒருவர் பார்க்காமல் வந்து மோதலாம், அந்த நேரத்தில் காருக்குள் ஆள் இருக்கக் கூடாது. நின்ற கார் பின்னாலிருந்து அடி வாங்கினால் முன்னால் பாயும், அல்லது சுழன்று ஓரத்துக்குப் போகும். அதனால் காருக்கு முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது, ஒட்டியும் நிற்கக் கூடாது. எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, ரோட்டை விட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி, வண்டி வரும் திசையில் காருக்குக் கொஞ்சம் பின்தள்ளி நிற்பது நல்லது. அங்கே நின்றால் சிதறுகிறது உங்கள் மேல் வருவது அரிது. இரும்புத் தடுப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம். எங்கள் பக்கத்து ரோட்டோரம் முள்ளும் கண்மாய்க் கரைச் சரிவுமாக இருக்கும், ஆகவே முதலில் செல்போன் டார்ச்சில் தரையைப் பார்த்துவிட்டுப் பெரியவர்களை இறக்குங்கள். பாலத்தின் மேல் நின்றுவிட்டது, ஒதுங்க இடமே இல்லை, அல்லது அம்மாவால் எழுந்திருக்கவே முடியாது என்றால், அப்போது மட்டும் உள்ளேயே சீட் பெல்ட்டோடு இருக்கட்டும். மற்றவர்கள் இறங்கிப் பின்னால் வருகிறவர்களை எச்சரிக்க வேண்டும்.

இதை விட முக்கியம், எங்கே நிறுத்துகிறோம் என்பது. டயர் வெடித்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஹசார்டைப் போட்டுக்கொண்டு நடக்கிற வேகத்தில் இருநூறு முந்நூறு மீட்டர் உருட்டி, டீக்கடை வெளிச்சத்துக்கோ பெட்ரோல் பங்குக்கோ கொண்டுபோய்விடலாம். ரிம் கெட்டுப்போகலாம். போகட்டும், ரிம் வாங்கிக்கொள்ளலாம். உருட்ட முடியாவிட்டால் நான்கு சக்கரமும் தாரை விட்டு மண்ணுக்கு வரும்வரை தள்ளுங்கள், மண் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இளகிய மண்ணில் ஜாக்கி சரியும். பாதி தாரில், பாதி மண்ணில் நிற்பதுதான் இருக்கிறதிலேயே மோசம். அதுவும் தை மாதத்தில். பழனிக்குக் காவடி எடுத்துக்கொண்டு நகரத்தார் குன்றக்குடியிலிருந்து நடப்பார்கள், அவர்களுக்கு முன்னும் பின்னும் பாதயாத்திரைக் கூட்டம் ராத்திரி முழுக்க இடது ஓரமாகவே போகும். ஒரு தைப்பூசத்துக்கு முன்னால் ராத்திரி இரண்டு மணி இருக்கும், குன்றக்குடி ரோட்டில் ஒரு கார் இப்படிப் பாதி தாரில் நின்று மின்னிக்கொண்டிருந்தது. நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக அதைச் சுற்றிக்கொண்டு நடு ரோட்டுக்குள் இறங்கி ஏறினார்கள். முதுகுப் பையில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் ஒவ்வொன்றும் அந்த ஹசார்டு வெளிச்சத்தில் பளிச்சென்று எரிந்து அணைவதைப் பார்த்தேன். விளக்குப் போட்டிருக்கிறோம் என்று அந்தக் கார்க்காரர் நிம்மதியாக இருந்தார். நானும் அவருமாகச் சேர்ந்து முதலில் செய்தது ரிப்பேர் இல்லை, வண்டியை ஆறடி தள்ளியதுதான்.

பேட்டரிக்கு வருகிறேன். சாதாரண பல்பு என்றால் 21 வாட் நான்கு, பக்கவாட்டில் 5 வாட் இரண்டு, ஆக 94 வாட். 12 வோல்ட்டில் எரியும் நேரத்தில் 8 ஆம்பியர் பக்கம் இழுக்கும், பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி 4 ஆம்பியர். சின்னக் கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக முழுச் சார்ஜில் இருந்தால் கணக்குப்படி எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும், ஆனால் பாதிக்குக் கீழே இறங்கினால் வண்டி ஸ்டார்ட் ஆவது சந்தேகம். எனவே புதிய பேட்டரிக்கு நான்கு மணி நேரம், பார்க்கிங் லைட்டும் சேர்ந்தால் இரண்டரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வருஷப் பழசு என்றால் ஒரு மணி நேரத்திலேயே இறங்கியதையும் பார்த்திருக்கிறேன், அதற்கு ஒரே கணக்கு சொல்ல முடியாது. எல்இடி இண்டிகேட்டர் என்றால் இதில் சிறு பங்குதான் செலவாகும். மிச்சம் பிடிக்க நினைத்தால் ஹெட்லைட்டை அணையுங்கள், அது மட்டுமே 9 ஆம்பியர் தின்னும், ஏசி ஃபேனையும் பாட்டையும் அணையுங்கள். ஹசார்டை அணைத்துப் பேட்டரியைக் காப்பாற்றாதீர்கள். இறங்கிய பேட்டரிக்கு யாராவது ஜம்பர் ஒயர் போட்டுக் கிளப்பிவிடுவார்கள்.

மழையில் ஓட்டும்போது போடலாமா என்றால், கூடாது. ஓடுகிற வண்டி மின்னினால் பின்னால் வருகிறவர் அது நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வார், பல கார்களில் ஹசார்டு மின்னும்போது இடம் வலம் காட்டும் இண்டிகேட்டர் வேலையும் செய்யாது. மழைக்கும் மார்கழிப் பனிக்கும் டிம்மில் ஹெட்லைட், அதோடு வேகக் குறைப்பு. நான்கு ரோடு சந்திப்பில் நேராகப் போகிறேன் என்று காட்ட ஹசார்டு போடுவது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதுவும் தப்பு. பக்கவாட்டு ரோட்டில் நிற்பவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்க விளக்குதான் தெரியும், நீங்கள் தன் பக்கம் திரும்பப்போவதாக நம்பி அவர் கிளம்பிவிடுவார். நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம். ஓடும்போது போடலாம் என்று நான் ஒப்புக்கொள்வது, டயர் வெடித்த வண்டியை உருட்டுவதும் கயிறு கட்டி இழுப்பதும் போக, ஒன்றே ஒன்றுதான்: ஹைவேயில் முன்னால் எல்லோரும் திடீரென நின்றுவிட்டார்கள், நீங்களும் பலமாகப் பிரேக் பிடிக்கிறீர்கள், அப்போது பின்னால் வருகிறவருக்காகச் சில விநாடி.

உறுதியில்லாத இரண்டு விஷயம் உண்டு. கயிறு கட்டி இழுத்துப் போகும்போது ஹசார்டு போட வேண்டுமா என்பதில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. ஜெர்மனியில் இரண்டு வண்டியும் போட்டே ஆகவேண்டும், பிரிட்டனில் பெரும்பாலும் போடக் கூடாது. இரண்டு வண்டியும் போட்டுக்கொண்டு ஊர்ந்து போங்கள், திரும்பும் முன் கையைக் காட்டுங்கள் என்பது என் யோசனை. அது யோசனைதான், விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, தூக்கத்தில் அல்லது போதையில் ஓட்டுகிறவர்கள் விட்டில் மாதிரி மின்னும் விளக்கை நோக்கியே வருவார்கள் என்று சொல்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்களிடையே இதில் ஒரே முடிவு இல்லை. அதற்கு பயந்து விளக்கை அணைக்க வேண்டாம், விளக்கிலிருந்து ஆட்கள் விலகி நின்றால் போதும்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குப் போன் செய்தால் உதவி வரும், அடிபட்டிருந்தால் 108, வேறு எதுவானாலும் 112. கண்ணாடி உடைந்ததற்கு லாரிக்காரர் மேல் கேஸ் நிற்குமா என்றும் நீங்கள் யோசிக்கலாம். அது என் தொழிலுக்கு வெளியே உள்ளது, இன்சூரன்ஸ் சர்வேயரையும் ஸ்டேஷனையும்தான் கேட்க வேண்டும். வண்டியை மற்றவர்களுக்கு ஆபத்தான நிலையில் விட்டுவைப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவில் வருகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

திரும்பிப் போகும் பயணத்துக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். கிளம்பும் முன் சாயங்காலம் இருட்டிய பிறகு வண்டியை வீட்டுச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி ஹசார்டைப் போடுங்கள், சுவரில் இரண்டு மஞ்சள் வட்டம் விழ வேண்டும், ஒன்றுதான் விழுந்தால் பல்பை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். அம்மாவைப் பின்சீட்டில் இடது ஓரம் உட்காரவையுங்கள். கதவைத் திறந்தால் கால் நேராக மண்ணில் படும், வலப்பக்கமாக ரோட்டில் இறங்க வேண்டியதோ சீட்டில் நகர்ந்து வர வேண்டியதோ இல்லை. டிக்கியில் மடக்கு ஸ்டூல் ஒன்று கிடக்கட்டும், மர நிழல் மாதிரி எங்காவது தள்ளிப் போட்டு அவரை உட்காரவைத்துவிட்டு அப்புறம் ஜாக்கியை எடுக்கலாம்.